செலினியம் பன்

பேக்கரியில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் வைத்த பேர். வேலைக்குச் சேர்ந்த அன்று, மாவுத் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "யம்மா, உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பேர் சம்பள நாளில் மட்டும்தான் யாருக்காவது தேவைப்பட்டது.

உட்காருவது என்ற சமாச்சாரமே அவளிடம் கிடையாது. சாப்பிடுவது நின்றுகொண்டு, டீ குடிப்பது நடந்துகொண்டு. எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்தால், "சரி சரி, புரியுது" என்று மிச்சத்தை இவளே முடித்துவிடுவாள், பாதி நேரம் தப்பாக. கட்டிக்கொண்ட மனுஷன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். "அந்த எஞ்சின் சத்தத்துலதான் மாமாவுக்கு நிம்மதியாத் தூக்கம் வருதாம்" என்று தங்கை கிண்டல் செய்வாள். பம்பரமும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அவளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அம்மா போனபோது இவள் பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை, தங்கையோ இடுப்புக் குழந்தை. பால் காய்ச்ச வேண்டும், துணி அலச வேண்டும், அப்பா வேலைக்குப் போகுமுன் சமைத்து வைக்க வேண்டும், தங்கை அழுதால் தூக்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம். ஓடி ஓடியே தங்கையை ஆளாக்கினாள், ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கட்டியும் கொடுத்தாள். அந்த ஆள் இவளுக்கு நேர் எதிர். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்று உள்ளே ஆட்கள் கத்திக்கொண்டிருந்தாலும், முதலில் கையைத் துடைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க, காத்து வரும்" என்பார். அவருடைய நிதானத்தைக் கண்டால் பம்பரத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தங்கைக்குத்தான் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். வேண்டாத நாளில் ரத்தம் படுவது மாதக்கணக்காக நடந்திருக்கிறது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், அந்த நிதானக்காரரும் அன்றைக்கு ஓடினார்.

டாக்டரம்மா வளவளவென்று பேசுகிற ரகமில்லை. "பக்கத்துல கொஞ்சம் பரவியிருக்கு. ஆபரேஷன் பண்ற நிலைமை இல்ல. தினமும் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஒருநாள் கீமோ ஊசி. குணமாக்கத்தான் பாக்கறோம். ஆனா ஒண்ணு, ஆரம்பிச்சா நடுவுல விடக் கூடாது. இடைவெளி விட்டா கட்டிக்கு மூச்சு வாங்க நேரம் குடுத்த மாதிரி ஆயிடும்."

இந்தக் கடைசி வார்த்தை பம்பரத்தின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. மாவு பிசையும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்தக் கட்டி மூச்சு வாங்குகிற மாதிரியே இருந்தது. தங்கையின் வாழ்வோ சாவோ இந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது, ஒரு நாள்கூட விடக் கூடாது என்று மனதில் எழுதிக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனையில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. தங்கையின் உடம்பில் செலினியம் குறைவு. செலினியம் என்றால் மண்ணிலிருந்து தானியத்துக்கும், மீன், முட்டை, கொட்டை வகைகளுக்கும் வந்து சேருகிற ஒரு தாதுச்சத்து. உடம்புக்குத் துளியூண்டு போதும், ஆனால் அந்தத் துளி இல்லாமல் முடியாது. டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"கட்டியைக் கரைக்கறது கதிர்வீச்சு. இந்த மாத்திரை அதுக்கில்ல" என்றார். "வயித்துல கதிர் படும்போது குடல் புண்ணாகி வயித்தால போகும். செலினியம் கம்மியா இருக்கறவங்களுக்கு அதை ஈடுகட்டினா அந்தத் தொல்லை குறையுதுன்னு ஆய்வு இருக்கு. பள்ளத்தை ரொப்பறதோட சரி. தினம் ஒண்ணு, அதுக்கு மேல..."

"சரிங்க டாக்டர், புரியுது" என்றாள் பம்பரம். அதற்கு மேல் என்ன என்பது அவள் காதுக்கு வந்து சேரவேயில்லை. அவள் ஏற்கெனவே மாத்திரைக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் செலினியம் ஈஸ்ட் என்று போட்டிருந்தது.

ஈஸ்ட். அடக் கடவுளே, ஈஸ்ட்டா. அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் இருந்த எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. பெரிய பெரிய இயந்திரம், தடித்த கதவு, உள்ளே யாரும் வரக் கூடாது என்கிற சிவப்பு விளக்கு. தங்கை உள்ளே போவாள், கதவு மூடும், இவள் வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடப்பாள், கையாலாகாமல். இப்போது முதல்தடவையாக அவள் கைக்குப் பழக்கப்பட்ட ஒரு வார்த்தை கிடைத்தது. ஈஸ்ட்டைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே.

பேக்கரிக்கு ஈஸ்ட் கொண்டுவருகிற வண்டிக்காரனைப் பிடித்தாள். "ஏம்ப்பா, உங்க கம்பெனில செலினியம் ஈஸ்ட் இருக்கா?"

"மாத்திரை பண்றவங்க வாங்குவாங்கக்கா. தூளா இருக்கும். உங்களுக்கு எதுக்கு?"

"இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

அடுத்த தடவை ஒரு பொட்டலம் வந்தது. பழுப்பு நிறத் தூள், ஈஸ்ட் வாசம்தான். பம்பரம் முதலில் செய்தது, எந்த பேக்கரி ஆளும் புது ஈஸ்ட்டுக்குச் செய்கிற சோதனை. வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை போட்டு, தூளைக் கலந்து மூடி வைத்தாள். உயிருள்ள ஈஸ்ட் என்றால் கொஞ்ச நேரத்தில் நுரைத்துக்கொண்டு மேலே வரும். இது வரவில்லை. போய்ப் போய்ப் பார்த்தாள், கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தாள். சேற்றுத் தண்ணீர் மாதிரி அப்படியே கிடந்தது.

"செத்த சரக்கு" என்றாள் தனக்குத்தானே. செத்த சரக்கு கையில் மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும். வீரியம் குறைந்த ஈஸ்ட் என்றால் அளவைக் கூட்டிப் போடு, அவ்வளவுதான்.

இங்கேதான் அந்த மகராசி கோட்டை விட்டாள். மாவைப் பொங்க வைக்கிற உயிருக்கும், அதற்குள் ஏற்றி வைத்திருக்கிற தாதுவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மாத்திரைக்காகச் செய்கிற அந்த ஈஸ்ட்டை வேண்டுமென்றேதான் கொன்று உலர்த்துகிறார்கள். ஈஸ்ட் செத்தாலும் செலினியம் சாகாது. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பார். கேட்டால்தானே. கேட்டால் பதில் வரும்வரை நிற்க வேண்டுமே.

சிட்டிகை போதும் என்கிற இடத்தில் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தங்கைக்கென்று தனியாக பன் சுட்டாள். உப்புவதற்காக நல்ல ஈஸ்ட்டும் கலந்தாள். ஆனாலும் செத்த ஈஸ்ட் மிஞ்சினால் மாவு தளர்ந்து கையில் ஒட்டும், சுட்டால் தட்டையாகப் படுத்துவிடும். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, லாரி ஏறின மாதிரி இருக்கு?"

"மருந்து பன். உங்களுக்கில்ல."

"நல்லவேளை" என்று மாஸ்டர் நகர்ந்துவிட்டார்.

பன்னை ஒரு டப்பாவில் போட்டு, வேலை முடிந்ததும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோவாள். கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்கை கடைசித் துணுக்கை விழுங்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தங்கை பன்னைப் பிய்த்துப் பிய்த்து, ஒவ்வொரு வாய்க்கும் ஊர்க்கதை பேசி, நத்தை வேகத்தில் தின்பாள். பசி இல்லாததால்தான் இப்படி என்று பம்பரம் நினைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கா?"

"ம். நல்லாருக்குக்கா."

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கூட கதிர்வீச்சுக்கு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்க, தங்கை ஒரு நாளும் தவறாமல் கதிர்வீச்சுக்குப் போய்வந்தாள். எல்லாம் தன் பன்னின் மகிமை என்று பம்பரத்துக்கு மனசுக்குள் ஒரே பெருமை. வெளியே மட்டும் காதும் காதும் வைத்தமாதிரி இருந்தாள். டாக்டரிடம் சொன்னால் ஏன் எதற்கு என்பார், தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னால் யோசிக்கலாம் என்பார். யோசிக்கிறதுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது.

அப்புறம்தான் வாசம் வந்தது. ஒருநாள் தங்கை பேசும்போது அவள் வாயிலிருந்து குப்பென்று பூண்டு வாசம் அடித்தது. மறுநாளும் அடித்தது. பம்பரத்தின் மூக்கு சாதாரண மூக்கில்லை, அடுப்புக்குள் பன் கருகுமுன்பே கண்டுபிடிக்கிற மூக்கு. நேரே தங்கை வீட்டுக்காரரிடம் போனாள்.

"தம்பி, அவளுக்குப் பூண்டு குடுக்கறீங்களா? யாரோ கைவைத்தியம் சொன்னாங்கன்னு குடுக்கறீங்களா?"

"இல்லீங்கக்கா. வீட்டுல பூண்டே இல்ல. வேணும்னா பாருங்க."

அவள் பார்த்தாள். அடுக்களையில் ஒரு டப்பா விடாமல் திறந்து பார்த்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பூண்டு கிடைக்கவில்லை. ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, "ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்களோ அதை மட்டும் குடுங்க தம்பி, நீங்களா எதையாவது குடுத்து வைக்காதீங்க" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தாள். சொன்னவளுக்கு நாக்கு கூசவில்லை. தான் கொடுப்பது வெறும் பன்தானே.

பிறகு முடி கொட்டியது. சீப்பில் வருகிற அளவு போய், தலையணையில் கொத்துக் கொத்தாக. நகமெல்லாம் வெள்ளை வரி விட்டு, தொட்டால் பிளந்தது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, மேலேயும் கீழேயும் போனது. தங்கை துவண்டு விழுந்தாள். பம்பரத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சத்து போதவில்லை என்று பன்னை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள். நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

டாக்டரம்மா தங்கையின் தலையையும் நகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கதிர் படறது இடுப்புல. தலைமுடி இப்படிக் கொட்டக் கூடாது. இந்த ஊசிக்கும் இவ்வளவு கொட்டாது" என்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உடம்புல தண்ணியே இல்ல. இதுல ஊசி போட்டா சிறுநீரகம் தாங்காது. என்னன்னு தெரியற வரைக்கும் ஊசி, கதிர்வீச்சு ரெண்டையும் நிறுத்தி வைக்கறேன்."

நிறுத்தி வைக்கிறேன். பம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். எனக்கு மட்டும் ஆசையா?"

படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் காலை உணவு ஆலோசகர் வந்தார், சின்ன வயசுப் பெண். கட்டிலின் ஒரு பக்கம் தங்கை வீட்டுக்காரர், வாசலில் பம்பரம், அன்றைய டப்பாவோடு. அந்தப் பெண் காலையில் என்ன, மதியம் என்ன என்று விசாரித்துக்கொண்டே வந்து, "பூண்டு நிறைய சேத்துக்கறீங்களா? வாசம் வருதே" என்றாள்.

"ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்க" என்றார் தங்கை வீட்டுக்காரர். "வீடு பூரா சோதனை போட்டாச்சு. பூண்டே கிடையாது."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "பூண்டு சாப்பிடாம இந்த வாசம் வருதுன்னா... செலினியம் மாத்திரை தினம் ஒண்ணுதான் போடறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது மிஞ்சினா விஷம். இந்த வாசம், முடி, நகம், வாந்தி, எல்லாமே அதுக்குப் பொருந்துது."

"ஒண்ணுதான்" என்றாள் தங்கை.

பம்பரத்தின் கையில் டப்பா கனத்தது. வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம், வெளியே போய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. செலினியம் எவ்வளவு என்று பார்க்க ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் எத்தனை நாள் ஆகுமோ. அதுவரை கதிர்வீச்சு கிடையாது. அதுவரை அந்தக் கட்டி மூச்சு வாங்கும்.

"நான்தான்" என்றாள். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "இந்த பன்ல போட்டேன். செலினியம் ஈஸ்ட், தூளா வாங்கி. நுரைக்கவே இல்ல, செத்ததுன்னு நினைச்சு அள்ளிப் போட்டேன். தினமும் போட்டேன்."

தங்கை வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் இந்தத் தடவை கையைத் துடைக்கவில்லை. எழுந்து வந்து டப்பாவை வாங்கி மூடினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "இனிமே எதையும் கொண்டு வராதீங்கக்கா."

டாக்டரம்மாவைத் துரத்திக்கொண்டு நடைபாதை பூராவும் ஓடினாள். "இதுக்கு மாத்து மருந்து என்னன்னு சொல்லுங்க டாக்டர், எங்க கிடைச்சாலும் வாங்கிட்டு வந்துடறேன்."

"மாத்து கிடையாது. நிறுத்தினா உடம்பே கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்தும். மாத்திரையையும் நிறுத்தியாச்சு."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே" என்றார் டாக்டரம்மா. திட்டக்கூட இல்லை. "நீங்க இன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லாம இருந்திருந்தா நான் எதை எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்பேன்."

இந்த ஒண்ணுமே செய்யாமல் இருப்பது இருக்கிறதே, அதைவிடப் பெரிய தண்டனையை அவளுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. பேக்கரியில் தட்டுகளைக் கீழே போட்டாள், உப்பை இரண்டு தடவை போட்டு ஒரு தொட்டி மாவையே பாழாக்கினாள். வீட்டில் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். இருப்புக் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போவாள், வாசலோடு திரும்பிவிடுவாள். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? என் கையாலேயே கொடுத்தேனே, என் கையாலேயே என்று ரோட்டில் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டு போனவளைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோம்மா" என்றார் மாஸ்டர். லீவா, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாந்தி நின்று, சிறுநீரகம் பிழைத்தது. மறுபடி கதிர்வீச்சு ஆரம்பிக்கிறார்கள் என்று தங்கை வீட்டுக்காரரே தகவல் சொன்னார். "விட்டதை ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு வெச்சு ஈடுகட்டப் பாக்கறாங்களாம். இடையில போன நாளால பாதிப்பு இருக்குமா இருக்காதான்னு முடிஞ்சு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியுமாம்." கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வேலை இருக்கு. நீங்க கூடப் போவீங்களா? அவ உங்களைத்தான் கேக்கறா."

போனாள். கையில் எதுவும் இல்லாமல் போனது அவளுக்கே ஏதோ மாதிரி இருந்தது. அந்தத் தடித்த கதவுக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். தங்கை தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பம்பரம் எதிரே நின்றாள். தண்ணீர் வேண்டுமா என்றாள், காற்றாடியைக் கூட்டவா என்றாள், உள்ளே எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டு வரட்டுமா என்றாள்.

"ஒண்ணும் வேணாம். உட்காருக்கா."

உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சுடுடி" என்றாள். "உன்னை நானே..."

"நடுவுல பேசாம நான் சொல்றதைக் கேளு" என்றாள் தங்கை. "முதமுதல்ல ரத்தம் பட்டப்ப பயந்துட்டேன். உங்கிட்டதான் ஓடி வந்தேன், பேக்கரிக்கு. நீ தட்டைத் தூக்கிக்கிட்டு, சொல்லுடி, சொல்லுடின்னு உள்ளயும் வெளியயும் போய்க்கிட்டே இருந்த. ஓடறவ பின்னாடி ஓடிக்கிட்டே சொல்ற விஷயமாக்கா அது? ஒரு ரொட்டி வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டேன். அடுத்த மாசமும் வந்தேன். அப்பவும் ரொட்டிதான்."

பம்பரம் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த பன்னு இருக்கே, மண்ணு மாதிரி. முதல் நாளே துப்பியிருப்பேன்."

"அப்புறம் ஏன்டி தின்ன? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நான் தின்னு முடிக்கற வரைக்கும் நீ எழுந்திரிக்கல. எனக்கு நினைவு தெரிஞ்சு நீ எம்பக்கத்துல அவ்வளவு நேரம் உட்காந்ததே கிடையாது." தங்கை தன் பிளந்த நகங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதான்க்கா மெதுவாத் தின்னேன்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து போனாள். கதவு மூடியது, சிவப்பு விளக்கு எரிந்தது. பம்பரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வரிசையில் இருந்த எல்லோரும் பார்க்க அழுதாள், எழுந்து ஓடாமல்.